ஆசியான் 19 வயதுக்குட்பட்டோர் கிண்ணம்: தோட்டத்திலிருந்து முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் செம்பனைத் தோட்டத்துப் பையன்களிடம் லிவர்பூல் குழுவில் பெஞ்சில் உட்காருபவர் யார் யார் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். ஆசியான் இளையோர் காற்பந்தை மலேசியா எத்தனை முறை வென்றது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். போன முறை திடலில் ஓர் அக்கா, தன் மகனைப் பயிற்சிக்கு விட வந்தவர், "19 வயசுப் பையனுங்க ஆடுறத எதுக்குண்ணே பார்க்கணும்?" என்று கேட்டார். அவர் மகனுக்கு 12 வயது. இன்னும் ஏழே வருடம்தான், அந்தச் சட்டையைப் போடுகிற வயதுக்கு அவனும் வந்துவிடுவான் என்றேன். அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். காற்பந்தே புதிது என்றாலும் பரவாயில்லை, வரிசையாகப் படித்துக்கொண்டே வாருங்கள்.

முதலில், இது என்ன போட்டி

தென்கிழக்காசிய நாடுகளின் காற்பந்துச் சம்மேளனம், நாம் ஏ.எஃப்.எஃப். என்று சொல்வது, 1984-ல் தொடங்கியது. இப்போது அதில் 12 நாடுகள். திமோர் லெஸ்தே உட்பட 11 ஆசியான் நாடுகளோடு, 2013 முதல் முழு உறுப்பினராக ஆஸ்திரேலியாவும் சேர்ந்தவை. இந்தச் சம்மேளனம் நடத்தும் இளையோர் போட்டி 2002-ல் ஆரம்பித்தது. 19 வயதுக்குட்பட்டோருக்கு ஒன்று, அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக நடக்கும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் இங்கே பேசப்போவது 19-ஐப் பற்றி.

மலேசியா இதை இரண்டு முறை வென்றிருக்கிறது. 2017-ல் யங்கோனில் இறுதியாட்டத்தில் தாய்லாந்திடம் 0-2 என்று தோற்றோம். அடுத்த வருடமே இந்தோனேசியாவில் நடந்தபோது, அரையிறுதியில் அந்த ஊர்க் குழுவையே பெனால்டியில் தாண்டி, இறுதியில் மியன்மாரை 4-3 என்று வென்றோம். அந்த இரவை மறக்க முடியாது, ஏழு கோல் விழுந்த இறுதியாட்டத்தை வாழ்க்கையில் எத்தனை முறை பார்க்கப் போகிறோம்? பிறகு 2022-ல் பெக்காசியில் லாவோசை 2-0 என்று வென்று இரண்டாவது கிண்ணம். 2024-ல் சுராபாயாவில் அரையிறுதியில் இந்தோனேசியாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றோம், அவர்கள் தாய்லாந்தையும் அதே 1-0 கணக்கில் வென்று கிண்ணத்தை வைத்துக்கொண்டார்கள்.

வயதுக் கணக்கு

இது எளிது, ஆனால் பெற்றோர் பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். போட்டி நடக்கும் நாளில் பையனுக்கு எத்தனை வயது என்று யாரும் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள். போட்டி நடக்கும் ஆண்டிலிருந்து 19-ஐக் கழியுங்கள், கழித்தால் கிடைக்கிற ஆண்டின் ஜனவரி 1-லோ அதற்குப் பிறகோ பிறந்தவன் ஆடலாம். 2022 போட்டிக்கு 2003 ஜனவரி 1, 2024 போட்டிக்கு 2005 ஜனவரி 1. சரி, இதில் என்ன இருக்கிறது என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே கணக்கில் வருகிறார்கள். 19 வயதில் அந்தப் பதினோரு மாதம் பெரிதாகத் தெரியாது, 11 வயதில் அது ஒரு தலை உயரம். உலகம் முழுக்க இளையோர் குழுக்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகள் அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம், தேர்வு செய்பவர் கண்ணுக்குப் பெரியவனும் வேகமானவனும்தான் முதலில் படுகிறான்.

அதனால் உங்கள் பிள்ளை நவம்பரிலோ டிசம்பரிலோ பிறந்தவன் என்றால், பள்ளிக் குழுவில் இடம் கிடைக்கவில்லை என்று பந்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடாதீர்கள். பதினைந்து, பதினாறு வயதில் உடம்பு சமமாகும். அதுவரை பந்தைக் கட்டுப்படுத்துவதும் தலை நிமிர்ந்து ஆடுவதும் கைவிடாமல் இருந்தால் போதும். இதை நான் எத்தனை வீட்டு வாசலில் நின்று சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இன்னொன்று. ஆசியப் போட்டியில் இதே பையன்கள் அடுத்த ஆண்டு 20 வயதுக்குட்பட்டோர் குழுவாக ஆடுவார்கள், பிறந்த ஆண்டு ஒன்றேதான். 2024-ல் சுராபாயாவில் ஆடிய 2005 பிள்ளைகளின் வயதுக் கணக்குதான் 2025 ஆசியக் கிண்ணத்துக்கும். ஆகவே இந்தக் கிண்ணம் எல்லா நாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் ஒரு ஒத்திகை மாதிரி. சில நாடுகள் ஒரு வயது குறைந்த பிள்ளைகளையும் சேர்த்தே அனுப்பும். ஒரு குழு தோற்றதைப் பார்த்து "இவ்வளவுதான் இவங்க" என்று முடிவு கட்டும் முன் அந்தப் பிள்ளைகள் எந்த ஆண்டில் பிறந்தவர்கள் என்று ஒரு பார்வை பாருங்கள்.

புள்ளிப் பட்டியலைப் படிப்பது

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் கோபப்பட்டு எழுந்து போவது இங்கேதான்.

வென்றால் 3 புள்ளி, சமன் ஆனால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. அதுவரை எல்லாருக்கும் தெரியும். நாடுகளைப் பிரிவுகளாகப் பிரிப்பது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். 2022-ல் 11 நாடுகள், இரண்டு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் முதல் இருவர் அரையிறுதிக்கு. 2024-ல் 12 நாடுகள், நந்நான்காக மூன்று பிரிவுகள், முதலிடம் பிடித்த மூவரோடு இரண்டாம் இடத்தில் வந்தவர்களில் சிறந்த ஒருவர். இந்த இரண்டாவது முறையில் பலவீனமான குழுவை எத்தனை கோல் அடித்து வெல்கிறோம் என்பதும் முக்கியமாகிவிடும், ஏனென்றால் வேறொரு பிரிவில் இரண்டாவதாக வந்தவரோடு உங்களை ஒப்பிடுவார்கள். ஆறு கோல் போட்ட பிறகும் பையன்கள் பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடுவதைப் பார்த்து, "எதிர்க்குழுவை அவமானப்படுத்துகிறார்களே" என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கு அந்தக் கோல் தேவை.

புள்ளி சமமானால்? இங்கேதான் 2022 கதையைச் சொல்ல வேண்டும், இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஒரே பிரிவில் வியட்நாம், தாய்லாந்து, இந்தோனேசியா. மூன்றுக்கும் 11 புள்ளி. இந்தோனேசியா புருணையை 7-0, பிலிப்பைன்சை 5-1, மியன்மாரை 5-1 என்று நொறுக்கியிருந்தது, மூன்று ஆட்டத்தில் 17 கோல். சாதாரணமாகப் பார்த்தால் அவர்கள்தானே மேலே போக வேண்டும்? போகவில்லை. விதி என்ன சொன்னது என்றால், புள்ளி சமமானவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போடு. காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். இந்தோனேசியா வியட்நாம் 0-0. இந்தோனேசியா தாய்லாந்து 0-0. வியட்நாம் தாய்லாந்து 1-1. மூவருக்கும் இரண்டு சமன், இரண்டு புள்ளி, கோல் வித்தியாசமும் மூவருக்கும் பூஜ்யம். அடுத்தது, அந்த ஆட்டங்களில் போட்ட கோல். வியட்நாமுக்கு ஒன்று, தாய்லாந்துக்கு ஒன்று, இந்தோனேசியாவுக்கு ஒன்றுமில்லை. சொந்த நாட்டில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 17 கோல் போட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். இந்தோனேசியச் சங்கம் முறையிட்டது, ஒன்றும் மாறவில்லை.

எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் இந்தோனேசியத் தொழிலாளர்கள் அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மியன்மாரை ஐந்து கோல் போட்டு வென்ற பிறகும் ஏன் வெளியே என்று அவர்களில் ஒருவருக்குப் புரியவே இல்லை. நான் மணலில் குச்சியால் கட்டம் போட்டு விளக்கினேன், அவர் ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் சொல்கிறேன், போட்டி தொடங்கும் முன்பே அந்த ஆண்டின் சமநிலை விதி என்ன, தங்களுக்குள் ஆடிய ஆட்டம் முதலா, மொத்தக் கோல் வித்தியாசம் முதலா என்று பார்த்து ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கடைசிப் பிரிவு ஆட்டங்கள் நடக்கும்போது அந்த அட்டை இல்லாமல் உட்காராதீர்கள்.

அதே 2022-ல் நம் பிரிவில் முதலிடம் லாவோசுக்கு. மலேசியா இரண்டாவது. ஊரில் பாதிப் பேர் அதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், அப்புறம் அரையிறுதியில் நம் பையன்கள் வியட்நாமை 3-0 என்று வென்றதைத் தவறவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அதே லாவோசை இறுதியில் வென்று கிண்ணம். இந்த வயதில் ஒரு குழு பத்து நாளில் வேறொரு குழுவாக மாறிவிடும், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

நேரமும் இடமும்

தொலைக்காட்சியில் அல்லது இணையத்தில் எங்கே வரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும், முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே விசாரித்து வையுங்கள். நேரத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். சுராபாயா, ஜகார்த்தா, பேங்காக், ஹனோய், புனோம்பென், வியன்டியான் எல்லாம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அங்கே இரவு 7.30 என்று போட்டிருந்தால் நமக்கு 8.30. யங்கோன் என்றால் ஒன்றரை மணி நேரம் பின்னால், அங்கே 7 மணி நமக்கு 8.30. சிங்கப்பூர், மணிலா, புருணை நம் நேரமேதான். இந்தோனேசியாவுக்குள்ளேயே மூன்று நேர மண்டலம் உண்டு, பாலியில் ஆட்டம் என்றால் நம் நேரம். எந்த ஊரில் என்று பார்க்காமல் "இந்தோனேசியா, ஒரு மணி நேரம் கூட்டு" என்று போடக்கூடாது.

தனியாக வீட்டில் பார்ப்பதைவிடச் சேர்ந்து பாருங்கள். எங்களுக்குப் பழைய ஆயாக் கொட்டகை ஒன்று இருக்கிறது, பிள்ளைகளை விட இப்போது யாரும் வருவதில்லை, கூரை மட்டும் நன்றாக இருக்கிறது. அதில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, ஒரு பிரொஜெக்டரை ஈப்போவிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்து வைத்தோம். கைப்பேசி டேட்டாவை நம்பி ஓட்டுகிறவர்கள் மதியமே ஒரு தடவை அதே இடத்தில் நின்று சோதித்துப் பாருங்கள், செம்பனைக்கு நடுவில் ஓர் ஓரத்தில் சிக்னல் இருக்கும், பத்தடி தள்ளி இருக்காது. ஜூலையில் சாயங்காலம் இடி மழை வந்தால் கரண்ட் போகும், ஒரு பவர் பேங்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் இருந்தால் கைப்பேசியிலாவது முடித்துக்கொள்ளலாம். மறுநாள் விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகிறவர்கள் இருப்பார்கள், எல்லாரையும் பெனால்டி வரை உட்கார வைக்க முடியாது, பரவாயில்லை. புந்தோங் கச்சாங் பூத்தே இரண்டு பொட்டலம், ஒரு பெரிய பாத்திரத்தில் தே ஓ, போதும். பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் இந்தோனேசிய, மியன்மார்த் தொழிலாளர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் நாட்டுப் பிள்ளைகள் ஆடும்போது அவர்கள் முகத்தில் வருகிற வெளிச்சம் நம் பிள்ளைகளும் பார்க்க வேண்டிய ஒன்று.

ஆட்டத்தில் எதைப் பார்ப்பது

புதியவர்கள் பந்தையே துரத்திப் பார்ப்பார்கள், இயல்புதான். முதல் பத்து நிமிடம் அப்படியே பாருங்கள். அப்புறம் ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, பந்து அவர் காலில் இல்லாதபோது என்ன செய்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்? பந்தை இழந்தவுடன் கையைத் தூக்கி நிற்கிறாரா, திரும்பி ஓடுகிறாரா? உங்கள் பையன் பின்வரிசையில் ஆடுகிறவன் என்றால் செண்டர் பேக்கை, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்பவரை, பார்க்கச் சொல்லுங்கள், கோல் கீப்பர் என்றால் கோல் கீப்பரை. ஆட்டம் முடிந்ததும் அவனிடம் "யார் ஜெயிச்சா?" என்று கேட்காமல் "உன் ஆளு என்ன பண்ணான்?" என்று கேளுங்கள். எங்கள் பையன் ஒருவன், பந்தே வராத ஓர் இடதுபுற பேக்கை 45 நிமிடம் பார்த்துவிட்டு, "அவன் பேசிக்கிட்டே இருக்கான்ணே, பக்கத்துல இருக்கிறவன எங்க நிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கான்" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் திடலில் அவனும் பேச ஆரம்பித்தான்.

கடைசி இருபது நிமிடத்தை விடாதீர்கள். இந்தப் போட்டியில் ஆட்டங்கள் நெருக்கமாக வரும். 2022-ல் இந்தோனேசியா ஜூலை 2, 4, 6, 8, 10 என்று ஒன்பது நாளில் ஐந்து ஆட்டம் ஆடியது. பதினெட்டு வயது உடம்பு அதை எப்படித் தாங்கும்? பயிற்சியாளர் பாதிக் குழுவை மாற்றுவார், நட்சத்திர ஆட்டக்காரர் பெஞ்சில் இருப்பார், 70-வது நிமிடத்துக்குப் பிறகு தசைப்பிடிப்பில் பிள்ளைகள் விழுவார்கள். நேரம் கடத்துகிறார்கள் என்று கத்துவதற்கு முன் அது எத்தனையாவது நாளில் எத்தனையாவது ஆட்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஆடுகிறவர்கள் பிள்ளைகள். பெனால்டியைத் தவறவிட்ட பையனின் பெயரைத் தேடிப் போய் அவன் சமூக ஊடகப் பக்கத்தில் திட்டி எழுதுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எங்கள் கொட்டகையில் அப்படி யாராவது கைப்பேசியை எடுத்தால் வெளியே போகச் சொல்லிவிடுவோம். உங்கள் இடத்திலும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைக்கு

நம்மவர்கள் தேசியக் குழுவுக்குப் போனதே இல்லையா என்று கேட்பார்கள். போயிருக்கிறார்கள். 2010-ல் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது எஸ். குணாளனும் கே. குருசாமியும் குழுவில் இருந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு லாவோசில் சீ விளையாட்டு என்று சொல்லும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டித் தங்கமும் அதே ராஜகோபால் கொண்டுவந்ததுதான். பிறகு 2017-ல் சீ விளையாட்டில் என். தனபாலன் மலேசியாவுக்காகக் கோல் போட்டார். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பள்ளிப் பாடப் புத்தகத்தில் வராது.

பாதை இதுதான். தமிழ்ப்பள்ளியில் 12 வயதுக்குட்பட்டோர் குழு, அங்கிருந்து மாவட்டப் பள்ளிகள் போட்டி, நம் வாயில் எம்.எஸ்.எஸ்.டி., அப்புறம் பேராக் மாநிலத் தேர்வு, பிறகு தேசிய அளவு. இடையில் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் தேர்வுகளும் நடக்கும், அதன் மைய அகாடமி பகாங், கம்பாங்கில் இருக்கும் மொக்தார் டஹாரி அகாடமி. லுக்மான் ஹக்கிம் அங்கே வளர்ந்தவர்தான், 2018-ல் மலேசியாவில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணத்தில் அதிக கோல் அடித்து, பிறகு பெல்ஜியம் வரை போனார். தேர்வு நாள் எப்போது என்று பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். தோட்டத்துக்குச் செய்தி எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது.

இனி நான் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் மலேசியக் குடியுரிமையும் கடப்பிதழும் வேண்டும். அதற்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புப் பத்திரம். பிள்ளை பிறந்தால் தீபகற்பத்தில் 60 நாளுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் தாமதப் பதிவு, அது அலைச்சல். கோயிலில் தாலி கட்டியாயிற்று, சாப்பாடு போட்டாயிற்று, பதிவு மட்டும் செய்யவில்லை என்கிற வீடுகள் நம்மிடம் இன்னமும் இருக்கின்றன. அம்மா வெளிநாட்டவராக இருந்து திருமணமும் பதியப்படவில்லை என்றால், அப்பா மலேசியர் என்பதை வைத்துப் பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வராது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் திடலில் ஒரு பையன் இருந்தான், இடது கால். நான் பார்த்த பிள்ளைகளில் அவனைப் போல் பந்தை நிறுத்தியவன் இல்லை. மாநிலத் தேர்வுக்கு வண்டி ஏற்பாடு செய்துவிட்டு ஆவணங்களைக் கேட்டபோதுதான் அவனிடம் பத்திரமே இல்லை என்று தெரிந்தது. நாங்கள் ஓடினோம், அவன் பாட்டி அழுதார், அந்த வருடம் முடிந்தது, அடுத்த வருடமும் முடிந்தது. காகிதம் வந்தபோது அவன் வயதுப் பிரிவு போய்விட்டது. அவன் இப்போது லாரி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து சின்னப் பையன்களுக்கு இடது காலால் குறுக்குப் பந்து போடச் சொல்லித் தருகிறான்.

அதனால் ஒன்று செய்யுங்கள். முதல் ஆட்டம் பார்க்க எல்லாரும் கூடுகிற இரவு, ஆட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் பெற்றோரிடம் கேளுங்கள், யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, யார் திருமணம் பதியவில்லை என்று. எல்லார் முன்னாலும் வேண்டாம், கூச்சப்படுவார்கள், ஓரமாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த வாரமே அவர்களைக் கூட்டிக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். போகும்போது பிறந்த மருத்துவமனைக் காகிதம், அம்மா அப்பா அடையாள அட்டை, பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த இரண்டு பேர், கையில் என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒரு முறை போய்த் திரும்பினால் சோர்ந்துவிடாதீர்கள், நாங்கள் ஒரு பிள்ளைக்கு ஆறு முறை போனோம், ஆறாவது முறை கிடைத்தது. அவனுக்கு இப்போது 13 வயது, வலது விங், நவம்பரில் பிறந்தவன்.